துளைகளுக்குள் வளர்ந்த எலும்பு

தாடை மருத்துவ வரலாறு: பகுதி 8

தாடை எலும்பில் பற்களைத் தாங்கும் விளிம்பு, பல் இருக்கும்வரைதான் நிலைக்கும். பல்லைப் பிடுங்கியதும் அது கரையத் தொடங்கும். முதல் ஓராண்டில் கரைவு மிக வேகமாக நடக்கும். எல்லாப் பற்களையும் இழந்து பல ஆண்டுகள் ஆன முதியவர்கள் சிலருக்குக் கீழ்த்தாடையில் சில மில்லிமீட்டர் உயரமே மிஞ்சும். பல் செட்டை அதன்மேல் எப்படி வைத்தாலும் வழுக்கிக்கொண்டு போகும். ஈறு நோய் வந்தால் பல் விழுவதற்கு முன்பே சுற்றியுள்ள எலும்பு அரிபடும். கட்டி, புற்றுநோய், விபத்து, துப்பாக்கிக் குண்டு என்றால் தாடையின் ஒரு பாகமே போய்விடும். மேல்தாடைப் பிளவோடு பிறக்கும் குழந்தைக்கோ பிளவு உள்ள இடத்தில் எலும்பே இராது. காரணம் எதுவானாலும் அறுவை மருத்துவரின் முன்னால் நிற்பது ஒரே கேள்விதான்: காணாமல்போன எலும்பின் இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது?

சென்ற பகுதியில் பார்த்த, பல் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் ஊன்றும் டைட்டானியம் இம்பிளான்ட் இந்தக் கேள்விக்கு விடை ஆகாது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் 1965-இல் மருத்துவர் பிரோனமார்க் முதல் நோயாளிக்கு அதைப் பொருத்தியபோதும், பிறகு உலகம் முழுவதும் அது பரவியபோதும், ஊன்றுவதற்கு எலும்பு இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை மாறவில்லை. எலும்பு இல்லாத இடத்தில் எலும்பை வரவழைக்கும் முயற்சி தனி வழியில் நடந்தது. பொருள் எதனால் ஆனது என்பதைவிட, அதற்குள் இருக்கும் வெற்றிடம் எப்படிப்பட்டது என்பதே முக்கியம் என்று புரிந்துகொள்ள அந்த முயற்சிக்கு ஏறத்தாழ 80 ஆண்டுகள் பிடித்தன.

1892-இல் ஜெர்மனியின் பான் நகரில் ட்ரீஸ்மன் என்ற மருத்துவர், கார்பாலிக் அமிலக் கரைசலில் குழைத்த பாரிஸ் சாந்தை எலும்புக் குழிகளில் அடைத்துப் பார்த்தார். சாந்து சில வாரங்களில் கரைந்துவிடும். குழி சிறியதாக இருந்தால் அதற்குள் எலும்பு வந்து சேர்ந்துவிடும். பெரியதாக இருந்தால் எலும்பு வந்து சேருவதற்குள் சாந்து காணாமல் போயிருக்கும். மறு ஆண்டு அதே நாட்டில் ஆர்தர் பார்த் இன்னொரு உண்மையைக் காட்டினார். ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் வைக்கும் எலும்புத் துண்டு பெரும்பாலும் இறந்துவிடுகிறது. பக்கத்து எலும்பிலிருந்து வரும் உயிருள்ள திசுதான் அதை மெல்ல மெல்ல அகற்றித் தன் எலும்பை அங்கே இடுகிறது. அப்படியானால் வைக்கும் பொருளின் வேலை, வரப்போகும் திசுவுக்கு வழிவிட்டு நிற்பது மட்டுமே. இந்த முடிவின் முழுப் பொருளும் அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை.

முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளில் உடல் மறைந்திருந்தது, முகம் வெளியே தெரிந்தது. தாடை சிதைந்த படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் லிண்டமன், இங்கிலாந்தின் சிட்கப்பில் ஹெரால்டு கில்லிஸ் ஆகியோர் தலைமையில் காலெலும்பு, விலா எலும்பு, இடுப்பெலும்பு ஆகியவற்றின் துண்டுகள் தாடையின் இடைவெளியில் வைக்கப்பட்டன. பெனிசிலின் வராத காலம் அது. வாயின் உட்புறத்தோடு தொடர்பு ஏற்பட்ட ஒட்டு எலும்பு சீழ்ப்பிடித்து வெளியே வந்துவிடும்.

வலிமை வேண்டும் என்பதால் மருத்துவர்கள் கெட்டியான எலும்பையே தேடினார்கள். இதைத் திருப்பிப் போட்டவர் நியூசிலாந்தில் பிறந்து லண்டனில் பணியாற்றிய ரெயின்ஸ்ஃபோர்டு மௌலம். இடுப்பெலும்பின் உள்ளே இருக்கும் வலைபோன்ற மென்மையான எலும்பைச் சிறு துகள்களாக்கிப் பயன்படுத்திய 75 ஒட்டுகளைப் பற்றி 1944-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். கெட்டியான பாளங்களைவிட இந்தத் துகள்கள் விரைவில் இணைந்தன, தொற்றையும் கூடுதலாகத் தாங்கின. வலை எலும்பின் இடைவெளிகளில் ரத்தக்குழாய் நேராக நுழையலாம். கெட்டி எலும்பிலோ, உயிரணுக்கள் அதைக் குடைந்து வழி உண்டாக்கிய பிறகே உள்ளே போக முடியும். அறுவை அரங்கில் உறுதியாகத் தோன்றும் எலும்பு உடலுக்குள் வசதியற்றதாக இருக்கலாம் என்பது அன்று முதல் தெரியவந்தது. மேல்தாடைப் பிளவு கொண்ட குழந்தைகளுக்கு இன்றும் முதல் தேர்வாக வைக்கப்படுவது இடுப்பின் இந்த மென்மையான எலும்புதான்.

ஆனால் இடுப்பைத் திறப்பது இரண்டாவது அறுவை. தாடைக்காக வந்த நோயாளி தாடை வலியைவிட இடுப்பு வலியால் அதிகம் சிரமப்பட்டு, சில வாரம் நொண்டி நடப்பது வழக்கம். எடுக்கக்கூடிய அளவுக்கும் எல்லை உண்டு. உடலுக்கு வெளியே செய்த பொருள் ஒன்று கிடைத்தால் நல்லது என்ற எண்ணம் இங்கிருந்து வலுப்பட்டது.

நூறு மைக்ரான்

1963-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் லைமன் ஸ்மித் ‘செரோசியம்’ என்ற பொருளை அறிமுகப்படுத்தினார். பாதிக்குச் சற்றுக் குறைவாக வெற்றிடம் கொண்ட பீங்கானில் எப்பாக்ஸி பிசினை ஏற்றி, எலும்புக்கு நெருக்கமான வலிமை வரும்படி செய்திருந்தார். கணக்கு சரியாகவே இருந்தது; பொருள்தான் எலும்போடு உறவாடவில்லை. துளைகள் மிகச் சிறியவை, அவற்றையும் பிசின் அடைத்துக்கொண்டிருந்தது. எலும்பு புக இடமே இல்லை.

எவ்வளவு பெரிய துளை இருந்தால் எலும்பு புகும் என்று முறையாக அளந்தவர்கள் தென் கரோலைனாவின் கிளம்சன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் ஹல்பர்ட், ஜெரோம் கிளாவிட்டர் ஆகியோர். கால்சியம் அலுமினேட் பீங்கானில் வெவ்வேறு அளவுத் துளைகள் கொண்ட துண்டுகளைச் செய்து நாய்களின் தொடை எலும்பில் வைத்தார்கள். 1971-இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. 5 முதல் 15 மைக்ரான் வரையிலான துளைகளில் நார்த்திசு மட்டும் புகுந்தது. 40 முதல் 100 மைக்ரான் வரை, சுண்ணாம்பு ஏறாத இளம் எலும்பு வந்தது. 100 மைக்ரானைத் தாண்டியபோதுதான் கெட்டிப்பட்ட எலும்பு உள்ளே வளர்ந்தது.

ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எலும்பை உண்டாக்கும் உயிரணு சில பத்து மைக்ரான் அகலம்தான். மிகச் சிறிய ரத்தநாளம் 10 மைக்ரானுக்கும் குறைவு. பிறகு ஏன் 100 தேவைப்படுகிறது? எலும்பு தனித்தனி உயிரணுக்களாக உள்ளே வருவதில்லை. முதலில் ரத்தநாளம் வருகிறது. அதன் சுவரை ஒட்டி உயிரணுக்கள் வரிசைகட்டி, நாளத்தைச் சுற்றி அடுக்கடுக்காக எலும்பைப் பூசுகின்றன. இந்தக் கூட்டம் முழுவதும் கொள்ளும் இடமே எலும்பு வளரும் இடம். முதிர்ந்த எலும்பில் இப்படி ஒரு நாளத்தைச் சுற்றி அமைந்த உருளை ஏறத்தாழ 200 மைக்ரான் விட்டம் கொண்டது. பிற்கால ஆய்வுகள், நாளங்கள் தாராளமாகப் பரவ 300 மைக்ரானுக்கு மேற்பட்ட துளைகளே நல்லவை என்றும் சேர்த்துச் சொல்லின.

துளையின் அகலம் போதாது. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குப் போகும் வழியும் அகலமாக இருக்க வேண்டும். அறைகள் பெரிதாக இருந்தும் வாசல் குறுகலான வீட்டில் கட்டிலை உள்ளே கொண்டுபோக முடியாததுபோல, இணைப்பு வழி சிறுத்துப்போன பொருளில் எலும்பு முதல் அறையோடு நின்றுவிடும். பீங்கான் செய்பவர்களுக்கு இது பெரும் தலைவலியானது. மாவோடு எரியக்கூடிய துகளைக் கலந்து சுட்டால் துகள் எரிந்து துளை உண்டாகும். ஆனால் அந்தத் துளைகள் ஒன்றோடொன்று சேர்வது துகள்கள் தற்செயலாகத் தொட்டுக்கொண்டிருப்பதைப் பொறுத்தது.

கடலில் கிடைத்த அச்சு

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த சிலர், செய்ய முடியாததை இயற்கையிடமிருந்து நகலெடுக்க முனைந்தார்கள். ரோட்னி வைட், ஜான் வெபர், யூஜின் வைட் ஆகிய மூவரும் 1972-இல் ‘சயின்ஸ்’ இதழில் அந்த முறையை விவரித்தார்கள். பவளப்பூச்சிகள் கட்டும் கூட்டில் எல்லா அறைகளும் ஒன்றோடொன்று திறந்திருக்கின்றன, அகலமும் ஒரே சீராக இருக்கிறது. போரைடீஸ் இனப் பவளத்தின் துளை ஏறத்தாழ 200 மைக்ரான். கெட்டி எலும்பின் அமைப்புக்கு அருகில் வருவது. கோனியோபோரா இனத்தில் 500 மைக்ரான் அளவு. வலை எலும்புக்கு ஒத்தது.

பவளம் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. எலும்பின் கனிமமோ கால்சியம் பாஸ்பேட் வகையைச் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட்டுக்கு நெருங்கியது. பவளத்தை அப்படியே வைத்தால் உடல் அதை விரைவில் கரைத்துவிடும். பிரான்சில் அதையே ஒரு நன்மையாகக் கருதி, மாற்றாத பவளத்தைத் தாடையில் பயன்படுத்தியவர்களும் இருந்தார்கள். பென்சில்வேனியாவைச் சேர்ந்த டெல்லா ராய், லினஹன் ஆகியோர் 1974-இல் ‘நேச்சர்’ இதழில் வேறொரு வழியைக் காட்டினார்கள். பவளத் துண்டையும் அம்மோனியம் பாஸ்பேட் கரைசலையும் இறுக்கமான உலோகக் கலத்தில் மூடி, 260 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அழுத்தத்தில் வைத்தார்கள். கார்பனேட் வெளியேறி, பாஸ்பேட் அதன் இடத்துக்கு வந்தது. கலத்தைத் திறந்தபோது வேதிப்பொருள் மாறியிருந்தது; துளை ஒன்றுகூட இடம் மாறவில்லை. பூச்சி கட்டிய அறை, அறைக்கு இடையிலிருந்த வாசல், சுவரின் வளைவு எல்லாம் அப்படியே ஹைட்ராக்சிஅபடைட்டாக நின்றன.

தாடையில் இதைச் சோதித்தவர்களில் ரால்ஃப் ஹோம்ஸ் முக்கியமானவர். நாய்களின் கீழ்த்தாடையில் இப்படி மாற்றிய பவளக் கட்டிகளை வைத்து, துளைகளுக்குள் எலும்பு வளர்ந்ததை 1979-இல் எழுதினார். அதே காலத்தில் தாடையைத் திருத்தும் அறுவைக்கும் இப்படி ஒரு பொருள் அவசரத் தேவையாகியிருந்தது.

கோணலான தாடையை வெட்டி இடம் மாற்றும் கலை 1849-இல் அமெரிக்காவின் வீலிங் நகரில் சைமன் ஹல்லிஹென் செய்த அறுவையோடு தொடங்கியது. தீக்காயத் தழும்பு இழுத்ததால் உருக்குலைந்திருந்த ஓர் இளம்பெண்ணின் கீழ்த்தாடையை அவர் சரிசெய்தார். அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் சூரிச்சில் பணியாற்றிய ஹியூகோ ஓப்வெகேசர். கீழ்த்தாடையின் பின்பகுதியை நெடுக்குவாட்டில் இரண்டு தகடுகளாகப் பிளந்து நகர்த்தும் முறையை 1950-களில் வகுத்தார். மேல்தாடையை மூக்குக்குக் கீழே கிடையாக வெட்டி, முழுவதுமாக விடுவித்து, வேண்டிய இடத்தில் நிறுத்தும் முறையையும் பின்னர் உறுதிப்படுத்தினார். அந்த வெட்டுக்கோட்டுக்கு ‘லெ ஃபோர்ட் ஒன்று’ என்று பெயர். 1901-இல் பிணங்களின் மண்டையோடுகளை அடித்து உடைத்து, முக எலும்புகள் எந்தக் கோடுகளில் முறிகின்றன என்று கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர்ட்டின் பெயர் அது.

மேல்தாடையைக் கீழே இறக்கினாலும் முன்னால் நகர்த்தினாலும் வெட்டிய விளிம்புகளுக்கு நடுவே இடைவெளி விழும். அதை நிரப்பாவிட்டால் தாடை பழைய இடத்துக்கே திரும்ப முயலும். டெக்சாஸைச் சேர்ந்த லாரி உல்ஃபோர்டும் உடன் பணியாற்றியவர்களும் அங்கே பவளக் கட்டிகளைச் செருகி, உலோகத் தகடு, திருகாணிகளால் நிறுத்தினார்கள்; அனுபவத்தை 1987-இல் வெளியிட்டார்கள். மறு ஆண்டு, நோயாளிகளிடமிருந்து பின்னர் எடுத்த சிறு மாதிரிகளை ஹோம்ஸும் உல்ஃபோர்டும் ஆராய்ந்தபோது துளைகளுக்குள் மனித எலும்பு வளர்ந்திருந்தது. இடுப்பைத் திறக்காமலே தாடை நிலைத்தது.

குறைகளும் அதே பொருளில் இருந்தன. கட்டி எளிதில் நொறுங்கும். திருகாணி அதில் பிடிக்காது. எலும்பு உள்ளே வளர்ந்த பிறகும் பவளச் சட்டம் பெரும்பாலும் கரையாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வாய் சம்பந்தப்பட்டது. மனித வாயில் நூற்றுக்கணக்கான பாக்டீரியா இனங்கள் வாழ்கின்றன. மேலே தைத்த ஈறு விட்டுப்போய்க் கட்டி வெளியே தெரிந்தால், எலும்புக்காகத் திறந்துவைத்த அத்தனை வாசல்களும் கிருமிகளுக்கும் வாசல்களாகிவிடும். உள்ளே குடியேறிய கிருமியை வெளியேற்ற வழி கிடையாது. கட்டியை எடுத்துவிட வேண்டியதுதான்.

இதே ஆண்டுகளில் செயற்கை ஹைட்ராக்சிஅபடைட்டை அமெரிக்காவில் ஜார்கோ, நெதர்லாந்தில் டி க்ரூட், ஜப்பானில் அவோகி ஆகியோர் தனித்தனியே தயாரித்தார்கள். துளையற்ற மணிகளாக அதை ஈறுக்குக் கீழே கொட்டி, கரைந்த தாடை விளிம்பை உயர்த்தும் முறை 1980-களில் பல் மருத்துவத்தில் பரவியது. விளிம்பு உயர்ந்தது உண்மை. ஆனால் பல நோயாளிகளிடம் மணிகள் நார்த்திசுவில் மிதந்தன, சிலரிடம் இடம் பெயர்ந்தன. சுவிட்சர்லாந்தின் கைஸ்ட்லிக் நிறுவனம் மாட்டெலும்பின் புரதம் முழுவதையும் நீக்கித் தயாரித்த ‘பயோ-ஆஸ்’ துகள்களுக்கு அந்தக் கதி நேரவில்லை. எலும்பின் சொந்தத் துளை அமைப்பு அதில் அப்படியே இருந்தது. மேல்தாடைக் கடைவாய்ப் பகுதியில் சைனஸ் அறையின் தரையை உயர்த்தி இம்பிளான்ட் வைக்கும் மருத்துவர்களிடம் இன்றைக்கும் மிகவும் புழங்கும் பொருள்களில் அது ஒன்று.

புளோரிடாவில் லாரி ஹென்ச் 1969-இல் உருவாக்கிய உயிரிக் கண்ணாடி வேறு தத்துவத்தில் இயங்கியது. அதன் மேற்பரப்பு கரைந்து தானே எலும்புக் கனிமப் படலம் ஒன்றை உண்டாக்கிக்கொண்டு எலும்போடு ஒட்டும். பல் பிடுங்கிய குழியில் வைக்கும் கூம்புகளாகவும், ஈறு நோய்க் குழிகளை நிரப்பும் தூளாகவும் அது வந்தது. பல் கூச்சத்துக்கான பற்பசைகளில் இன்றும் சேர்க்கப்படுகிறது.

தாடை மூட்டில் நடந்தது

நுண்துளை என்பதே பாதுகாப்புக்கு அத்தாட்சி என்று எண்ணியதன் விலையை அமெரிக்க நோயாளிகள் பல்லாயிரம் பேர் கொடுத்தார்கள். தாடை அறுவை வரலாற்றில் இதைவிட வேதனையான பக்கம் குறைவு. விரிவாகச் சொல்ல வேண்டியதும் இதுதான்.

காதுக்கு முன்னால் கீழ்த்தாடை மண்டையோட்டோடு சேரும் மூட்டில் ஒரு குருத்துத் தட்டு உண்டு. அது நகர்ந்தோ கிழிந்தோ போனால் வலி, ‘கிளிக்’ சத்தம், வாய் திறக்க முடியாமை ஆகியவை வரும். 1980-களில் அந்தத் தட்டை எடுத்துவிட்டு மாற்றுத் தட்டு வைப்பது அமெரிக்காவில் பரவலானது. ஹூஸ்டனின் வைடெக் நிறுவனம் அதற்காக ‘ப்ரோப்ளாஸ்ட்-டெஃப்லான்’ தட்டை விற்றது. டெஃப்லானோடு கார்பன் இழையையோ அலுமினியம் ஆக்சைடையோ சேர்த்துச் செய்த, பெரும்பகுதி வெற்றிடமான பொருள் ப்ரோப்ளாஸ்ட். அதன் ஒரு பக்கத்தில் வழவழப்பான டெஃப்லான் தாள் ஒட்டப்பட்டிருக்கும். துளையுள்ள பக்கம் மண்டையோட்டை நோக்கியிருக்கும், திசு அதற்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். வழவழப்பான பக்கத்தில் தாடை மூட்டு நழுவும். காகிதத்தில் குறையில்லாத யோசனை. ஏற்கெனவே சந்தையிலிருந்த பொருள்களுக்கு இணையானது என்ற அடிப்படையில் 1983-இல் அதற்கு விற்பனை அனுமதி கிடைத்தது. மனிதர்களிடம் நீண்டகாலச் சோதனை அதற்குத் தேவைப்படவில்லை.

தாடை மூட்டு ஓயாமல் வேலை செய்யும் மூட்டு. மெல்லும்போது, பேசும்போது, கொட்டாவி விடும்போது, உறக்கத்தில் பல்லைக் கடிக்கும்போது எல்லாம் அதன் மேல் சுமை விழுகிறது. டெஃப்லான் தாள் அந்தத் தேய்மானத்தைத் தாங்கவில்லை. தேய்ந்து விழுந்த நுண்துகள்களை விழுங்க வந்த உயிரணுக்கள் அவற்றைச் செரிக்க முடியாமல் ஒன்றோடொன்று கூடிப் பெரிய அணுக்களாயின. எலும்பை அரிக்கும் பொருள்களைச் சுரந்தன. மூட்டின் குமிழ் கரைந்தது, எதிரே இருந்த குழியும் கரைந்தது. சிலருக்கு மண்டையோட்டின் அடித்தளம் துளைபட்டு, மூளையறைவரை வழி திறந்தது. தட்டை எடுத்த பிறகும் துகள்கள் திசுவில் தங்கி அரிப்பைத் தொடர்ந்தன. தாடை பின்வாங்கி முகமே மாறிப்போனவர்களும், பல முறை அறுவைக்கு ஆளாகி ஆயுள் முழுவதும் வலியோடு வாழ்ந்தவர்களும் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

1990-இல் வைடெக் திவாலானது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. வலி இல்லாதவர்களும் படம் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். 1992-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தியது. தாடை மூட்டு இம்பிளான்ட்கள் பின்னர் மிகக் கடுமையான கட்டுப்பாடு கொண்ட மூன்றாம் வகுப்பில் சேர்க்கப்பட்டன.

இவ்வளவும் முன்கூட்டியே தெரிந்திருக்கக்கூடிய ஒன்று என்பதுதான் மனத்தை அறுக்கிறது. இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டில் டெஃப்லானைப் பயன்படுத்தி ஏறத்தாழ 300 நோயாளிகளிடம் தோல்வி கண்டது 1960-களின் தொடக்கத்தில். டெஃப்லான் துகள் திசுவை என்ன செய்கிறது என்று அறிய அவர் தம் தொடையிலேயே அதைச் செலுத்திப் பார்த்து, அங்கே கட்டி உண்டானதை வெளிப்படையாக எழுதியும் வைத்தார். இருபது ஆண்டு கழித்து அதே பொருள் இன்னொரு மூட்டுக்குள் போனது. எலும்பு மருத்துவத்தில் கற்ற பாடம் பல் மருத்துவத்துக்கு வந்து சேரவில்லை.

தசைக்குள் எலும்பு

துளைக்கு அப்பால் இன்னொரு கேள்வி இருந்தது: வரப்போகும் உயிரணுவுக்கு எலும்பாகு என்று சொல்வது எது? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மார்ஷல் யூரிஸ்ட், அமிலத்தால் சுண்ணாம்பை நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தபோது அங்கே புது எலும்பு உருவானதை 1965-இல் வெளியிட்டார். எலும்புக்குள் இருந்த ஒரு புரதமே காரணம் என்று கண்டு, எலும்பு உருவாக்கப் புரதம் என அதற்குப் பெயரிட்டார். 1988-இல் அதன் மரபணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டன. கொலாஜன் பஞ்சில் தோய்த்த அந்தப் புரதத்தைத் தாடையில் பயன்படுத்த அமெரிக்கா 2007-இல் அனுமதித்தது. விலை மிக அதிகம். வைத்த இடத்தில் கடும் வீக்கமும் வரும்.

ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் உகோ ரிப்பமோன்டி 1991-இல் அறிவித்தது அனைவரையும் திகைக்க வைத்தது. எந்தப் புரதமும் சேர்க்காத, பவளத்திலிருந்து செய்த ஹைட்ராக்சிஅபடைட்டைப் பபூன் குரங்குகளின் வயிற்றுத் தசைக்குள் வைத்தார். சில மாதங்களில் துளைகளுக்குள் எலும்பு உண்டானது. பக்கத்தில் எலும்பே கிடையாது. துளையின் குழிந்த சுவரில் அந்த எலும்பு தொடங்குவதை அவரது தொடர் ஆய்வுகள் காட்டின. உடலில் உலவும் புரதங்கள் குழிவுகளில் படிந்து தேங்குகின்றன என்பது அவர் தந்த விளக்கம். துளையின் அளவோடு, அதன் வளைவும் எலும்பின் பிறப்பில் பங்கு வகிக்கிறது.

இந்த எல்லா இழைகளும் ஒன்றுசேர்ந்த அறுவை ஜெர்மனியின் கீல் நகரில் நடந்தது. பாட்ரிக் வார்ன்கே தலைமையிலான குழு 2004-இல் ‘லான்செட்’ இதழில் அதை விவரித்தது. நோயாளி 56 வயது ஆண்; கட்டிக்காகக் கீழ்த்தாடையின் பெரும்பகுதி எடுக்கப்பட்டு, எட்டு ஆண்டுகளாகக் கெட்டியான உணவை மென்றதில்லை. அவரது தலையின் கணினிப் படத்திலிருந்து, இல்லாத தாடையின் வடிவில் டைட்டானியம் வலைக்கூடு செய்யப்பட்டது. அதற்குள் பயோ-ஆஸ் கட்டிகள், 7 மில்லிகிராம் எலும்பு உருவாக்கப் புரதம், அவரது சொந்த எலும்பு மஜ்ஜை 20 மில்லிலிட்டர் ஆகியவை வைக்கப்பட்டன. கூடு நேராகத் தாடைக்குப் போகவில்லை. முதுகின் வலப்பக்கப் பெருந்தசைக்குள் ஏழு வாரம் வைக்கப்பட்டது. தசையின் ரத்தக்குழாய்கள் கூட்டுக்குள் பரவி, எலும்பு உருவான பிறகே, ரத்தக்குழாயோடு சேர்த்து எடுத்து முகத்தில் பொருத்தி, கழுத்து ரத்தக்குழாயோடு இணைத்தார்கள். நான்கு வாரத்தில் அவர் ரொட்டியும் இறைச்சியும் மென்றார். பிற்பாடு வலைக்கூடு முறிந்தது, தொற்றும் வந்தது; பதினைந்து மாதம் கழித்து இதயத் துடிப்பு நின்று அவர் இறந்தார். நுண்துளைப் பொருளால் தாடையின் பெரும்பகுதியை வளர்க்க முடியும் என்பதற்கும், அது எவ்வளவு கடினம் என்பதற்கும் அந்த ஒரு நோயாளியின் பதிவே சான்று.

அச்சிட்ட உலோகம்

டைட்டானியத்தின் விறைப்பு ஏறத்தாழ 110 கிகாபாஸ்கல். கெட்டி எலும்பின் விறைப்பு 20-ஐ ஒட்டியது. விறைப்பான உலோகம் சுமை முழுவதையும் தானே வாங்கிக்கொண்டால், வேலையில்லாத பக்கத்து எலும்பு மெலியும். திறந்த துளைகள் கொண்ட பொருளில், திடப்பகுதி எவ்வளவு பங்கோ அதன் இருமடிக்கு ஏற்ப விறைப்பு இறங்குகிறது. 70 விழுக்காடு வெற்றிடமாக்கினால் டைட்டானியத்தின் விறைப்பு பத்து கிகாபாஸ்கல் அளவுக்கு வந்துவிடும். ஆக, துளை இரண்டு வேலை செய்கிறது: எலும்புக்கு வழிவிடுகிறது, உலோகத்தை எலும்புக்கு ஏற்றபடி தளர்த்துகிறது. வலிமையும் கூடவே குறையும் என்பதால், எங்கே எவ்வளவு துளை என்பதைக் கணக்கிட்டே வடிவமைக்க வேண்டும்.

டைட்டானியத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கும் அச்சுமுறை இதைச் சாத்தியமாக்கியது. 2011-இல் நெதர்லாந்தில் 83 வயதுப் பெண் ஒருவருக்கு, தொற்றால் அழிந்த கீழ்த்தாடைக்குப் பதிலாக முழுத் தாடையே அச்சிட்டுப் பொருத்தப்பட்டது. பெல்ஜியத்தின் ஹாசல்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வில் பிறந்து, அந்நாட்டு நிறுவனம் ஒன்று அச்சிட்ட அதன் எடை 107 கிராம். தசைகள் பற்றிக்கொள்ளக் குழிவுகளும், நரம்பு செல்ல வழியும் அதில் இருந்தன. மேலே ஹைட்ராக்சிஅபடைட் பூசப்பட்டிருந்தது.

இந்திய ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். புகையிலையும் பாக்கும் முதன்மைக் காரணங்கள். தாடை மாற்றுப் பொருள் பற்றிய ஆய்வு இங்கே ஆடம்பரம் அல்ல. சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், ஐஐடி ஆகியவற்றின் ஆய்வாளர்கள் இந்தியப் பவளத்திலிருந்து ஹைட்ராக்சிஅபடைட் தயாரித்த முறையை 1996-இல் வெளியிட்டார்கள். திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் நுண்துளைப் பீங்கான்களில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. பவளத்தை மூலப்பொருளாக நம்பியிருக்க இனி முடியாது. மன்னார் வளைகுடாவின் பாறைகள் சுண்ணாம்புக்காக நெடுங்காலம் வெட்டப்பட்டவை. 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. முட்டையோடு, கணவாய் ஓடு ஆகியவற்றைக் கொண்டும், முழுவதும் செயற்கையாகவும் அதே துளை அமைப்பை எட்ட இப்போது முயல்கிறார்கள்.

புற்றுநோய்க்காகத் தாடையின் பெரும்பகுதியை எடுத்து, கதிர்வீச்சும் கொடுக்க வேண்டிய நோயாளிக்கு நுண்துளைப் பொருள் மட்டும் போதாது. கதிர் பட்ட திசுவில் துளைக்குள் நுழைய ரத்தநாளம் குறைவு. அங்கே, 1989-இல் நியூயார்க்கில் டேவிட் ஹிடால்கோ தாடைக்குக் கொண்டுவந்த முறையே முதலிடத்தில் இருக்கிறது: காலின் வெளிப்புறச் சிற்றெலும்பை ரத்தக்குழாயோடு எடுத்து, தாடை வடிவில் வெட்டி வளைத்து, கழுத்து ரத்தக்குழாயோடு இணைப்பது. பல் பிடுங்கிய குழி, சைனஸ் தரை, ஈறு நோய் அரித்த பள்ளம், தாடைத் திருத்தத்தில் விழும் இடைவெளி ஆகிய சிறிய இடங்களில் நுண்துளைப் பொருள் இடுப்பெலும்பின் வேலையைச் செய்கிறது. அங்கும் சுற்றிலும் ரத்தம் ஓடும் எலும்பு இருக்க வேண்டும், மேலே ஈறு இழுவிசையின்றி முழுவதும் மூடியிருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் எந்தப் பொருளும் நிற்பதில்லை.

(தொடரும்)